வீட்டிலேயே ஸ்பீக்கர்களை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி: 10-க்கு 12 அறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு, "இது அருமை, அது சுமார்" என்று சொல்ல அரை மணி நேரம் போதும். ஆனால் அப்படிச் சொல்வது பெரும்பாலும் ஸ்பீக்கரைப் பற்றிய தீர்ப்பாக இருக்காது. எது கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஒலித்தது, எது மூலைக்குப் பக்கத்தில் இருந்தது, எதற்கு விலை அதிகம் என்று முன்பே தெரியும், இவை எல்லாம் சேர்ந்து சொல்லவைத்த தீர்ப்பு அது. ஸ்பீக்கரின் சொந்தக் குணம் என்ன என்று தெரிய வேண்டுமென்றால் சத்தம் சமமாக இருக்க வேண்டும், இடம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒற்றை ஸ்பீக்கராகக் கேட்க வேண்டும், நமக்கு நன்றாகத் தெரிந்த குரலை வைத்துக் கேட்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நண்பரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும்.

படி 1: முதலில் அறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னை ஃபிளாட்டில் பாட்டுக் கேட்கும் அறை என்றால் பெரும்பாலும் 10-க்கு 12 படுக்கையறைதான், இல்லாவிட்டால் ஹாலில் ஒரு பக்கம். தரையில் டைல்ஸ், நாலு பக்கமும் சிமெண்ட் பூச்சுச் சுவர், ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு ஸ்டீல் பீரோ. இந்த அறை எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் தன் பங்குக்கு எதையாவது சேர்த்துவிடும், எதையாவது விழுங்கிவிடும், அதுவும் முக்கியமாக பேஸில், அதாவது கனமான கீழ் ஒலியில்.

கணக்கு எளிதுதான். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கி, அதைக் கொண்டு 349-ஐ வகுத்தால் அந்தத் திசையில் அறை எந்த ஸ்வரத்துக்கு முதலில் அதிரும் என்று தெரிந்துவிடும். 12 அடி, அதாவது 3.66 மீட்டர் நீளத்துக்கு சுமார் 48 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48 அதிர்வு. 10 அடி அகலத்துக்கு சுமார் 57 ஹெர்ட்ஸ். கூரையும் 10 அடிக்குப் பக்கத்தில் இருந்தால் அதே 57-லேயே இரண்டு அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். 10-க்கு 10 அறையில் மூன்றும் ஒன்றாகிவிடும், அதனால்தான் சதுர அறையில் எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் ஒரே "டொம் டொம்" கேட்கிறது. இந்த அளவு அறைகளில் ஏறத்தாழ 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதில் அறையின் கைதான் ஓங்கியிருக்கும். அதனால் முதல் சுற்றில் பேஸை வைத்து எந்த ஸ்பீக்கரையும் ஒதுக்காதீர்கள். குரல் இருக்கும் இடத்திலிருந்து மேலே கேளுங்கள். பேஸுக்குத் தனிச் சுற்று பின்னால் வருகிறது.

உட்காரும் இடமும் இதே கணக்கில்தான் வரும். 12 அடி நீளத்தில் சரிபாதியில், அதாவது 6-ஆவது அடியில் உட்கார்ந்தால் அந்த 48 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போய்விடும். பின்சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்தால் அதுவே ஊதிப்போய்க் கேட்கும். சுவரிலிருந்து மூன்று, நாலு அடி முன்னால் நாற்காலியைப் போட்டு, கால் இருக்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். சோதனை முடியும் வரை அந்த நாற்காலி நகரக் கூடாது.

அடுத்தது பீரோ. இலவசமாகக் கிடைக்கும் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றில் 30-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள், நண்பர் அறைக்குள் நடந்து ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்க்கட்டும். பீரோ கதவு, மேலே வைத்த சூட்கேஸ், ஜன்னல் கண்ணாடி, ஷோகேஸ் கதவு, சுவரில் மாட்டிய படம், எங்கேயாவது ஒன்று "ஜிர்ர்" என்று சேர்ந்து பாடும். பீரோ கதவிடுக்கில் மடித்த துணியைச் செருகினாலே பாதி அடங்கிவிடும். இதைச் செய்யாமல் விட்டால், ஆழமான பேஸ் உள்ள ஸ்பீக்கருக்கு "கரகர" என்று பெயர் வைத்துவிடுவீர்கள். உண்மையில் கரகரத்தது பீரோவாக இருக்கும்.

தரையில் ஜமக்காளம் விரித்தால் ட்ரெபிள், அதாவது கூர்மையான மேல் ஒலி, கொஞ்சம் அடங்கும், பேஸுக்கு அது ஒன்றும் செய்யாது. மெத்தையுள்ள கட்டில் அறையிலேயே இருந்தால் நல்லது, அதை வெளியே எடுக்க வேண்டாம். ஜன்னல் திரைச்சீலையைத் திறப்பதா மூடுவதா என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டு, பிறகு அதை மாற்றாதீர்கள்.

ஃபேன் பெரிய பிரச்சினை. அதன் இரைச்சலில் முதலில் மறைவது தம்புராவின் கடைசி இழையும், பாடகர் மூச்சு இழுக்கும் சத்தமும்தான். ஏ.சி.யில் அறையைக் குளிர்த்துவிட்டு, இரண்டையும் நிறுத்தி இருபது நிமிடம் கேட்டு, மறுபடி குளிர்த்து, இப்படித்தான் செய்ய வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரு அடங்கும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தூங்கப் போயிருப்பார். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு மணி நேரம், பெரும்பாலான தெருக்களில் அதுதான் தோதான நேரம். மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சோதிக்காதீர்கள், சில இன்வெர்ட்டர்களால் ஆம்ப்ளிஃபையரில் ஒரு ரீங்காரம் சேர்ந்துவிடும்.

படி 2: இணைப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே சோர்ஸ் (பாட்டு வரும் ஃபோனோ லேப்டாப்போ), ஒரே கேபிள். ரிட்சி ஸ்ட்ரீட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி பத்து பதினைந்து அடிக்குத் தாராளமாகப் போதும், கூடவே கம்பி முனையில் மாட்டும் பனானா பிளக் வாங்கிப் பொருத்திக்கொண்டால் மாற்றுவது சுலபம். ஆம்பில் பேஸ், ட்ரெபிள் நடுவில், லவுட்னெஸ் அணைத்து. ஃபோனில் ஈக்வலைசர், "வால்யூம் நார்மலைசேஷன்" எல்லாம் அணைத்து.

சிவப்பு, கறுப்பு மாறாமல் மாட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக மாட்டினால் பேஸ் வற்றிப்போகும், குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவும். ஆம்பில் ஏ, பி என்று இரண்டு ஸ்பீக்கர் வெளியீடு இருந்தால் ஒரு ஜோடியை ஏ-யிலும் மற்றதை பி-யிலும் மாட்டிக்கொள்ளலாம், மாற்றுவது ஒரு பொத்தானில் முடிந்துவிடும். ஆனால் இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள், பல ஆம்ப்களில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் சேர்ந்தால் சுமை 4 ஓம் ஆகிவிடும். கையால் கம்பி மாற்றுவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

படி 3: சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போனால் மற்றது எதையும் செய்து பயனில்லை. அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கர் நமக்குச் "சத்தமாக" இருப்பதாகத் தோன்றாது. "தெளிவாக", "உயிரோட்டமாக" இருப்பதாகத்தான் தோன்றும். இதைக் காது தானாகவே செய்கிறது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் செய்கிறது.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஸ்பீக்கர் பெட்டியில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்பது அது. பிபிசி வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக 1970-களில் உருவான எல்.எஸ்.3/5ஏ என்ற சின்னப் பெட்டிக்கு அது சுமார் 83 டெசிபல்தான். 89 டெசிபல் போட்ட ஒரு ஸ்பீக்கரை அதன் பக்கத்தில் வைத்து, வால்யூமைத் தொடாமல் மாற்றினால் 6 டெசிபல் வித்தியாசம் வரும். அதாவது சின்னப் பெட்டி அதே சத்தத்துக்கு வர நாலு மடங்கு வாட்ஸ் வேண்டும். இந்த நிலையில் ஒப்பிட்டால் பாவம், சின்னப் பெட்டி ஒவ்வொரு முறையும் தோற்கும்.

செய்முறை இது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, அதன் ஜெனரேட்டரில் பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த "ஷ்ஷ்" இரைச்சல்) எடுத்து, அதை 500-இலிருந்து 2000 ஹெர்ட்ஸுக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். முழு பிங்க் நாய்ஸ் வைத்தால் அறையின் பேஸ் வீக்கமும் கணக்கில் சேர்ந்து எண்ணைக் கெடுக்கும். நாற்காலியில் காது இருக்கும் உயரத்தில் ஃபோனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, டெசிபல் காட்டும் செயலியைத் திறங்கள். ஃபோன் காட்டும் எண் உண்மையான டெசிபலாக இருக்க வேண்டிய அவசியமில்லை, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே எண் வந்தால் போதும். சுமார் 75 என்று வைத்துக்கொண்டு, முதல் ஸ்பீக்கருக்கு ஆம்பின் வால்யூம் எங்கே நிற்கிறது, இரண்டாவதற்கு எங்கே என்று எழுதிக்கொள்ளுங்கள். எண் காட்டாத குமிழ் என்றால் சுற்றிக் காகித டேப் ஒட்டி பென்சிலால் கோடு போடுங்கள். வித்தியாசம் அரை டெசிபலுக்குள் வரும் வரை விடாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் குமிழைத் திருகுவது தொல்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பாட்டின் ஒரு பிரதியை வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு டெசிபல் குறைத்துச் சேமித்து, அதைச் சத்தமான ஸ்பீக்கருக்கு மட்டும் போடுங்கள். எனக்கு இதுதான் பிடித்த முறை, ஆம்பின் பக்கமே போக வேண்டியதில்லை.

படி 4: ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள்

இதைச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்டீரியோவாகக் கேட்கத்தானே வாங்குகிறோம், ஒற்றையில் ஏன் கேட்க வேண்டும்? காரணம், ஸ்டீரியோ குறைகளை மறைத்துவிடும். இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் இசையில் நம் கவனம் அந்த விரிவுக்குப் போய்விடுகிறது, குரலின் நிறம் லேசாக மாறியிருப்பது பிடிபடாது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவில் ஃபிளாய்ட் டூல் 1980-களில் நடத்திய கேட்புச் சோதனைகளிலேயே இது தெரிந்துவிட்டது: ஒற்றையில் கேட்டவர்கள் நல்லதையும் மோசமானதையும் இன்னும் கறாராகப் பிரித்தார்கள்.

ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோனின் அக்சஸிபிலிட்டி அமைப்பில் மோனோ ஆடியோ என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் பக்கத்துப் பக்கத்தில், ட்வீட்டர் (ட்ரெபிளைத் தரும் சின்ன ஒலிப்பான்) இரண்டும் காது உயரத்தில் வரும்படி ஸ்டாண்டிலோ உறுதியான ஸ்டூலிலோ வையுங்கள், பின்சுவரிலிருந்து இரண்டும் ஒரே தூரம். கேட்டு, எழுதி வையுங்கள். பிறகு இடது வலதாக இரண்டையும் இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். முதலில் எழுதிய குணம் ஸ்பீக்கரோடு சேர்ந்து நகர்ந்தால் அது ஸ்பீக்கருடையது. நகராமல் பழைய இடத்திலேயே நின்றால் அது அறையுடையது. வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளிலேயே எனக்கு மிக நம்பகமானது இதுதான், வெறும் இடமாற்றம், ஐந்து நிமிட வேலை.

மாற்றும் இடைவெளி சில நொடிகளுக்குள் இருக்கட்டும். ஒலியின் நிறத்தைக் காது அதிக நேரம் பிடித்து வைப்பதில்லை. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் பாட்டுதான் நினைவில் நிற்கும்.

படி 5: எதைப் போட்டுக் கேட்பது

முதலில் வீட்டில் இருக்கும் ஒருவருடைய குரல். பிபிசி பொறியாளர்கள் தங்கள் மானிட்டர் ஸ்பீக்கர்களைச் சோதிக்கப் பேச்சுக் குரலை முக்கியமாக வைத்துக்கொண்டார்கள். மனிதக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை, அதனால் அதில் வரும் பிசகு உடனே உறுத்தும். அப்பாவையோ அக்காவையோ காலையில் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், சுவர்களிலிருந்து விலகி நடுவில் நிறுத்தி, ஃபோனை ஓரடி தள்ளிப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். அறைக்குள் பதிவு செய்தால் அந்த அறையும் பதிவில் வந்துவிடும், பிறகு போட்டுக் கேட்கும்போது அறை இரட்டிப்பாகக் கேட்கும். காகம் கத்தினால் பரவாயில்லை.

என்ன பேசச் சொல்வது? ஊர்ப் பெயர்களே போதும். "சைதாப்பேட்டை, சோழிங்கநல்லூர், சிந்தாதிரிப்பேட்டை" என்று சொல்லும்போது ச-காரம் காதைக் கீறினால் 5000-இலிருந்து 8000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏதோ தூக்கலாக இருக்கிறது. "மாம்பலம், நங்கநல்லூர், பம்மல்" மூக்கடைத்தவர் சொல்வதுபோல வந்தால் நடுப்பகுதியில் ஒரு மேடு. ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றினால் பெட்டியின் மரப்பலகையே அதிர்கிறது, அல்லது பெட்டி சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. அதே ஆளை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே வரியைச் சொல்லச் சொல்லிவிட்டுப் பதிவைப் போட்டுப் பாருங்கள். ஃபோன் மைக்கால் குரல் அச்சு அசலாக வராது, ஆனால் எந்த ஸ்பீக்கர் அவருக்கு அருகில் வருகிறது என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது தம்புரா. பாட்டு இல்லாமல் வெறும் தம்புரா, நல்ல பதிவு, இரண்டு நிமிடம். ஜீவா நூலால் எழும் அந்த ரீங்காரத்தில் அடிச் சுருதியிலிருந்து உச்சி வரை அனுஸ்வரங்கள், அதாவது அதோடு சேர்ந்து எழும் மேல் ஒலிகள், வரிசையாக இருக்கும், ஒலியும் மாறாமல் நிற்கும். அதனால் ஸ்பீக்கரை மாற்றிய கணத்தில் நிறம் மாறுவது பளிச்சென்று கேட்கும். இன்னொன்றும் செய்யுங்கள்: தம்புரா ஓடிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து நில்லுங்கள், பிறகு தரையில் உட்காருங்கள். சில ஸ்பீக்கர்களில் எழுந்ததும் நடுவில் ஒரு துண்டு காணாமல் போகும், வூஃபரும் (பேஸைத் தரும் பெரிய ஒலிப்பான்) ட்வீட்டரும் அந்தக் கோணத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் வரும் பள்ளம் அது. பாயில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் இதை விட்டுவிடக் கூடாது.

மிருதங்கம் பேஸுக்கு. தொப்பியில் (இடது பக்கத் தோலில்) கும்கி இழுக்கும்போது, அதாவது தோலைக் கையால் அழுத்தி வழுக்கும்போது, சுருதி கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கல் சீராக வர வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று ஊதினால், அது அறையின் அதிர்வாக இருக்கலாம், அல்லது ஸ்பீக்கரின் போர்ட் துளையின் (பேஸுக்காகப் பெட்டியில் விட்ட துளை) அதிர்வாக இருக்கலாம். இடமாற்றச் சோதனையும், போர்ட்டில் துணிச் சுருள் ஒன்றைச் செருகிக் கேட்பதும் எது என்று சொல்லிவிடும். வலந்தலையின் "தீம்" நின்ற பிறகு அதன் வால் எவ்வளவு சுத்தமாக அடங்குகிறது என்பதையும் கவனியுங்கள்.

வயலின் மேல் ஸ்தாயிக்கு, நாதஸ்வரமும் தவிலும் சத்தத்தின் எல்லைக்கு. நாதஸ்வரத்தை வழக்கமான வால்யூமுக்கு மேல் கொஞ்சம் ஏற்றுங்கள். சின்ன வூஃபர் திணறினால் ஒலி பெரிதாகாமல் கெட்டியாகி முகத்தில் அடிப்பதுபோல வரும். உண்மையான ஒலி எப்படி இருக்கும் என்று காதில் வைத்துக்கொள்ள, சபா கச்சேரி அவ்வளவு உதவாது, டிசம்பரில் பெரும்பாலான அரங்குகளில் நாம் கேட்பது மைக்கும் ஹால் ஸ்பீக்கரும் கலந்த ஒலி. கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது மைக் இல்லாமல் வாசிப்பதை மாடவீதியில் நின்று கேளுங்கள், அதுதான் அளவுகோல்.

கடைசியாக ஒரு திரைப்பாட்டு, உங்களுக்கு மனப்பாடமானது. பேஸ் கிட்டாரும் வயலின் கூட்டமும் சேர்ந்து வரும் எண்பதுகளின் பாட்டு ஒன்று போதும். நல்ல பதிவுகளை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள். தினமும் கேட்கப்போவதில் பாதி பழைய, தேய்ந்த பதிவுகள்தானே, அவற்றை ஸ்பீக்கர் எப்படி நடத்துகிறது என்றும் தெரிய வேண்டும்.

வகைக்கு வகை என்ன குணம்

க்ளிப்ஷ் போன்ற ஹார்ன் ட்வீட்டர் ஸ்பீக்கர்கள் குறைந்த வாட்ஸில் நிறையச் சத்தம் தரும். தவிலும் ட்ரம்ஸும் அதில் துள்ளும், ஒலி அறையெங்கும் சிதறாமல் நேராக வரும், டைல்ஸ் அறையில் இது ஒருவிதத்தில் வசதி. கெஃப் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த யூனி-க்யூ முறையில் ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே இருக்கிறது. எழுந்தாலும் உட்கார்ந்தாலும் ஒலி அதிகம் மாறாது, பாயில் உட்காருபவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வகை. மூடிய பெட்டி சுவருக்கு அருகே வைத்தால் ஓரளவு நடந்துகொள்ளும். பின்பக்கம் துளையுள்ள பெட்டிக்கு மூச்சு விட இடம் வேண்டும்.

உலோக ட்வீட்டர் என்றாலே கூச்சலிடும், பட்டு என்றாலே மென்மை என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். எந்த அலைவரிசையை எவ்வளவு தருகிறது என்பதுதான் காதில் விழும், எந்தப் பொருளால் செய்தது என்பதல்ல. ட்ரெபிளை லேசாகத் தூக்கி வைத்த ஸ்பீக்கர் முதல் பத்து நிமிடத்தில் "என்ன விவரம்!" என்று சொல்லவைக்கும், இரண்டாவது மணி நேரத்தில் அதுவே வால்யூமைக் குறைக்கவைக்கும். கடையில் ஜெயிப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

படி 6: கண்ணை மறைத்துக் கேளுங்கள்

1994-இல் டூலும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர் ஷான் ஓலிவும் ஒரே ஸ்பீக்கர்களை ஒரே ஆட்களுக்கு, தெரியும்படி வைத்தும் மறைத்து வைத்தும் போட்டுக் காட்டினார்கள். மதிப்பெண்கள் மாறின. பெட்டியின் அளவும் அழகும் விலையும் தெரிந்திருந்தால் காது அதற்கேற்பக் கேட்கிறது. அதனால் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் ஒரு கயிறு கட்டி மெல்லிய பருத்தி வேட்டியைத் தொங்கவிடுங்கள். வாயருகே வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டும், அந்த அளவு மெல்லியது.

நண்பர் காசைச் சுண்டி எது முதலில் என்று முடிவு செய்யட்டும், உங்களிடம் "ஒன்று", "இரண்டு" என்று மட்டும் சொல்லட்டும். நடுவில் சில முறை மாற்றாமலே "மாற்றிவிட்டேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரே ஸ்பீக்கருக்கு நீங்கள் இரண்டு விதமாக எழுதியிருந்தால், அந்த அளவு வித்தியாசங்களை நம்பக் கூடாது என்று தெரிந்துவிடும். எழுதும்போது சாதாரண வார்த்தைகளையே எழுதுங்கள்: கணீர், கம்மல், கரகர, மொத்தை, சில்லென்று, அடைத்த மாதிரி. பத்திரிகை விமர்சன வார்த்தைகளை எழுதினால் பிறகு படிக்கும்போது நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று உங்களுக்கே புரியாது.

படி 7: இப்போது ஜோடியாக, அதனதன் இடத்தில்

ஒற்றையில் தேறியதை ஸ்டீரியோவாக வையுங்கள். இங்கே ஒரே இடம் என்ற விதி கிடையாது, ஒவ்வொரு ஜோடிக்கும் அதற்குப் பொருந்தும் இடத்தைத் தேடிக் கொடுக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள தூரமும், அவற்றிலிருந்து உங்களுக்கு உள்ள தூரமும் ஏறத்தாழ சமமாக இருக்கட்டும். பின்சுவரிலிருந்து ஓரடியில் தொடங்கி அரை அடி அரை அடியாக முன்னால் நகர்த்துங்கள். 1 மீட்டர் தள்ளி வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 87 ஹெர்ட்ஸில் நேரடி ஒலியை வெட்டும், பக்கத்தில் வைத்தால் அந்த வெட்டு மேலே ஏறும், பேஸும் கனக்கும். கும்கி சீராக வழுக்கும் இடம் கிடைத்ததும் டேப் ஒட்டுங்கள். பிறகு ஸ்பீக்கரை உங்களை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பாடகரின் குரல் நடுவில் ஒரு ஆள் அகலத்தில் நிற்கும் கோணத்தைப் பிடியுங்கள்.

அளந்து பார்க்க ஆசை இருந்தால் யூமிக்-1 போன்ற யு.எஸ்.பி. மைக் ஒன்றும் மேலே சொன்ன ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் போதும். ஆனால் கேட்டு எழுதிய பிறகுதான் வரைபடத்தைத் திறக்க வேண்டும். முன்பே பார்த்துவிட்டால் வரைபடத்தில் கண்ட மேடு காதில் கேட்க ஆரம்பித்துவிடும். அறையால் வரும் பேஸ் மேட்டை ஈக்வலைசரில் இறக்கலாம், பள்ளத்தை மட்டும் நிரப்ப முயலாதீர்கள், ஆம்பும் வூஃபரும் வீணாகச் சூடாகும்.

படி 8: ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்

நொடிக் கணக்கில் மாற்றிக் கேட்பதில் நிறம் தெரியும், அலுப்பு தெரியாது. அதற்கு ஒரு ஜோடியை மட்டும் ஒரு வாரம் ஓடவிட வேண்டும், ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க, சமையலறையில் குக்கர் விசில் அடிக்க, வழக்கம்போல. வால்யூமைக் கூட்டத் தோன்றுகிறதா குறைக்கத் தோன்றுகிறதா, பாதியில் நிறுத்தத் தோன்றியது எந்தப் பாட்டில், ஹாலில் இருப்பவருக்கு வார்த்தை புரிகிறதா என்று தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் மற்ற ஜோடி. கடையில் வாங்கும்போதே எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான், அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை பரணில் பத்திரமாக வையுங்கள்.

ஒப்பிடுவதில் ஒன்று பழைய ஜோடி என்றால், சோதனை தொடங்கும் முன்பே வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் சென்னை ஈரப்பதத்தில் சீக்கிரம் இற்றுவிடும், ரப்பர் தாங்கும். விரலில் கறுப்புத் தூள் ஒட்டினால் அந்த ஜோடிக்கு வளையம் மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.